பரமார்த்த குருவோடு வங்கித் தமிழ்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரிப் படுகையில் ஒரு சிறிய ஊரின் வங்கிக் கிளை. சுற்றிலும் நெல் வயல். நகைக்கடன், பயிர்க்கடன், மகளிர் குழுக் கடன் என்று கிராமத்து ஆட்களோடுதான் நாள் முழுக்கப் பேச்சு. அந்தக் கிளைக்கு வெளிமாநிலத்திலிருந்து மூன்று பேர் மாற்றலாகி வந்தார்கள். நகைக்கடன் கவுண்டரில் பீகாரைச் சேர்ந்த இளம் பெண் அதிகாரி. பயிர்க்கடன் பார்க்க ஒடிசாக்காரர் ஒருவர். பணம் வாங்கிக் கொடுக்கும் கவுண்டரில் ராஜஸ்தானைச் சேர்ந்த, ஐம்பதை நெருங்கும் காசாளர். கிளை மேலாளர் கேட்டுக்கொண்டதன் பேரில், வேலை நேரம் முடிந்த பிறகு வாரத்தில் இரண்டு மாலை அங்கேயே அவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மூவரின் ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். யாரென்று காட்டிக்கொடுக்கும் விவரங்களை விட்டிருக்கிறேன்.

மூவருக்கும் தமிழ் அடியோடு தெரியாது என்று சொல்ல முடியாது. கைப்பேசிச் செயலியில் எழுத்துகளைப் பழகியிருந்தார்கள். 'விண்ணப்பம்', 'ஒப்புதல்', 'நிலுவை' போன்ற சொற்கள் படிவங்களிலிருந்தே பழக்கமாகியிருந்தன. பெண் அதிகாரி ஒரு நோட்டு முழுக்கச் சொற்பட்டியல் எழுதி வைத்திருந்தார், இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் இந்தி. அந்த உழைப்பைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் தனி மரியாதை வந்தது. ஆனால் கவுண்டருக்கு வரும் ஆள் வாயைத் திறந்தால், அந்த நோட்டில் இருக்கும் எதுவும் காதில் விழவில்லை.

கவனித்தவை

பாடம் தொடங்கும் முன் சில காலை வேளைகளில் கிளைக்குப் போய், வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். என்ன சொல்லிக்கொடுப்பது என்பதை அந்தப் பேச்சுகள்தான் முடிவு செய்தன.

ஒரு பெரியவர் பயிர்க்கடன் தவணைக்கு அவகாசம் கேட்டு வந்தார். "இந்த வருசம் கையைக் கடிச்சிருச்சு சார்" என்றார். ஒடிசாக்காரர் அவர் கையைப் பார்த்து, "மருந்து போட்டாச்சா?" என்று கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார். பெரியவருக்கோ தன்னைக் கிண்டல் செய்கிறார் என்று பட்டுவிட்டது. முகம் கறுத்துப்போய், மேற்கொண்டு பேசாமல் எழுந்து போய்விட்டார். கைநட்டம் என்று அவர் சொன்னது, கேட்டவருக்குக் காயமாகப் போனது.

இன்னொரு நாள், ஏல அறிவிப்புக் கடிதத்தைக் கையில் பிடித்தபடி ஒரு மூதாட்டி நகைக்கடன் கவுண்டருக்கு வந்தார். "ஏம்மா, நகை முழுகிடுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். முழுகுதல் என்றால் தண்ணீரில் மூழ்குவது என்று நோட்டில் இருந்தது. அதனால் அதிகாரி, "இங்கே தண்ணீர் வராது, பெட்டகம் பத்திரம்" என்று பதில் சொன்னார். மூதாட்டிக்கு அது பதிலாகவே இல்லை. கடைசியில் வரிசையில் நின்ற ஒருவர்தான் இருவருக்கும் நடுவில் பேசி விளக்கினார்.

அப்புறம் மகளிர் குழுத் தலைவி ஒருவர், "வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் கட்டுறோம் சார், ஒரு தவணை தப்பலை" என்றார். காசாளர் தலையாட்டிவிட்டுப் பணத்தை எண்ணினார். அந்தப் பெண் பெருமையோடு சொன்ன ஒரு சொல் யாரையும் சென்று சேராமல் போயிற்று. இதில் கேடு எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் மூன்றில் இதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

மூன்று இடத்திலும் அவர்களுக்குச் சொல் ஒவ்வொன்றும் தெரிந்திருந்தது. சேர்ந்து வரும்போது பொருள் வேறு என்பதுதான் தெரியவில்லை. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதால் இந்த ஓட்டை அடைபடாது என்று தோன்றியது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

பரமார்த்த குருவின் கதையைப் பாடமாக வைத்துக்கொண்டேன். தமிழ்ப் பிள்ளைகள் சிரிப்புக் கதையாகத்தான் அதை அறிவார்கள். ஆனால் அது பிறந்ததே வெளியிலிருந்து வந்தவர்கள் தமிழ் கற்பதற்காக. 1680-ல் இத்தாலியில் பிறந்து, பாதிரியாராக இங்கே வந்து, தேம்பாவணியும் சதுரகராதியும் செய்த வீரமாமுனிவர், புதிதாக வரும் பாதிரிமார் பேச்சுத் தமிழுக்குப் பழக வேண்டும் என்று எழுதியது அது. 1822-ல் பெஞ்சமின் பாபிங்டன் அதை லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடும் சொல்லகராதியோடும் அச்சிட்டார். அதுவும் தமிழ் கற்போருக்காகத்தான். இத்தனை காலம் இந்த வேலையைச் செய்த ஒரு கதை கையில் இருக்க, புதிதாக ஒன்றைத் தேடி அலைய எனக்கு மனமில்லை.

இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியம். அந்தக் கதையில் சீடர்கள் அகப்படும் இடங்கள் பலவும் ஒரே மாதிரியானவை: சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறார்கள். மரபுத்தொடர் தெரியாத மாணவன் விழுகிற குழியும் அதேதான். மருந்து போட்டாச்சா என்று கேட்டவர், அந்தச் சீடர்களைப் பார்த்துச் சிரிக்கும்போது, தன்னை யாரும் சிரிக்காமலே தன் இடறலைக் கண்டுகொள்கிறார். வயதுவந்த, பொறுப்பான பதவியில் இருக்கிற ஒருவருக்கு இந்த மறைப்பு மிகவும் தேவை என்பது என் உறுதியான எண்ணம். வகுப்பில் கூச்சப்பட்டவர் மறுநாள் கவுண்டரில் வாயைத் திறக்க மாட்டார்.

சிரிப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்பார்கள். சிரிப்பு அப்படி வராது. வரவேண்டிய இடத்தில் வராவிட்டால், அங்கே ஒரு சொல் தவறிவிட்டது என்று உடனே தெரிந்துவிடும்.

எப்படி நடத்துவது என்பதிலும் சிலவற்றை முன்கூட்டியே தீர்மானித்தேன். கதையை முதலில் பேச்சுத் தமிழில் வாயால் சொல்வது, எழுத்துத் தமிழில் படிப்பது அதற்கப்புறம். ஒரு மாலைக்கு நான்கைந்து மரபுத்தொடருக்கு மேல் இல்லை. அதுவும் அன்றைய கதையில் கால் ஊன்ற இடம் இருந்தால் மட்டும். அடுத்த வகுப்பில் யாராவது ஒருவர் கதையைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுவும் வேறொரு பாத்திரத்தின் வாயால்.

ஆற்றுக் கதை

குருவும் ஐந்து சீடர்களும் ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். ஆறு விழித்திருக்கும்போது இறங்கினால் ஆபத்து, தூங்கும்போது கடந்துவிடலாம் என்பது குருவின் எண்ணம். சீடன் ஒருவன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கிறான். சுர்ரென்று சத்தம், குபுகுபுவென்று புகை. ஆறு விழித்திருக்கிறது என்று அலறி ஓடிவருகிறான். பிறகு அதே அணைந்த கட்டையை வைத்துப் பார்க்கிறார்கள். சத்தம் இல்லை. தூங்கிவிட்டதாம்.

கரை, ஆழம், நனைதல், அணைதல், முழுகுதல், கொள்ளிக்கட்டை என்று சொற்கள் முதலில் வந்தன. காசாளரும் பெண் அதிகாரியும் அணைந்த கட்டையில் சிரித்துவிட்டார்கள். ஒடிசாக்காரர் கொஞ்சம் கழித்து, மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவரையே திருப்பிச் சொல்லச் சொன்னேன். 'அணைந்த' என்பதை 'அணைத்த' என்று, கட்டிப்பிடித்ததாக எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு ஒற்று எழுத்தில் கதையே மாறிவிட்டது. விளக்கு அணைந்தது, விளக்கை அணைத்தான், குழந்தையை அணைத்தான் என்று அங்கேயே பேசித் தீர்த்தோம். சொற்பட்டியலில் இந்தத் தவறு வெளியே வந்திருக்காது.

அதே ஆற்றிலிருந்துதான் வங்கிக்குள் வந்தோம். கடனிலிருந்து கரையேறுவது. ஜாமீன் போட்டவனை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போவது. ஆழம் தெரியாமல் காலை விடுவது. காசாளருக்கு மிகவும் பிடித்துப்போனது, 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்ற பழமொழி. கணக்கு வைக்காமல் எதையும் செலவழிக்காதே என்று அவர் தொழிலுக்காகவே சொன்னது போல இருந்தது. பிறகு, 'நகை முழுகிடுமா?' என்ற கேள்விக்கு வந்தோம். தவணை கடந்து, அடகு வைத்த நகை கையைவிட்டுப் போவதை ஊரில் முழுகிப்போவது என்றுதான் சொல்கிறார்கள் என்று விளக்கினேன். பெண் அதிகாரி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தப் பாட்டி அன்னைக்கு அழுதாங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்து, கரையேறிய சீடர்கள் தலையெண்ணும் இடம். எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால், ஆறு பேர் ஐந்து பேராகிவிடுகிறார்கள். ஒப்பாரி வைக்கிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து, ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி போட்டு எண்ணவைக்கிறான். ஆட்களை எண்ணும் முறையைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. காசாளர் அதுவரை 'மூணு அம்மா வந்தாங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருத்தர், ரெண்டு பேர், மூணு பேர் என்று பேச்சிலும், ஒருவர், இருவர், மூவர், நால்வர், ஐவர், அறுவர் என்று எழுத்திலும், மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார்கள். அந்த மாலைக்குப் பிறகு அவர் அதில் தவறவில்லை.

இடையில் வந்த சிக்கல்கள்

சீடர்களின் பெயர்களே ஒரு சொற்பாடம்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். வகுப்பில் இந்தப் பெயர்கள் விளையாட்டாகப் புழங்கத் தொடங்கின. கொஞ்ச நாளில் ஒடிசாக்காரர், கோப்பு ஒன்றை மாற்றி எடுத்துவந்த அலுவலக உதவியாளரைப் பார்த்து, சிரித்துக்கொண்டே "மடையன்" என்று சொல்லிவிட்டார். உதவியாளர் வயதில் மூத்தவர். அன்று மதியம் அவர் சாப்பாட்டு அறைக்கே வரவில்லை.

மேலாளர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சொன்னவருக்கு அதன் கனம் தெரியாது, கதையில் கேட்ட சொல் அவருக்கு வெறும் வேடிக்கை. அவரே நேரில் போய், "அண்ணே, தெரியாம சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க" என்று கேட்டுக்கொண்டார். 'அண்ணே' என்ற விளி அவரே தேர்ந்தெடுத்தது. உதவியாளர் அதோடு விட்டுவிட்டார், அதற்கப்புறம் இருவரும் நன்றாகத்தான் பழகினார்கள்.

இதன்பிறகு நோட்டை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பகுதி 'பேசலாம்', இன்னொன்று 'கேட்க மட்டும்'. தலையில் மிளகாய் அரைத்தல், காது குத்துதல், கயிறு திரித்தல், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தல் எல்லாம் இரண்டாவது பகுதிக்குப் போயின. வாடிக்கையாளர் சொன்னால் புரிய வேண்டும், அதிகாரி வாயிலிருந்து வரக்கூடாது. யாரிடம் சொல்லலாம் என்பது தெரியாவிட்டால், பொருள் தெரிந்தும் பயனில்லை.

இன்னொரு சிக்கல் இந்தியிலிருந்து வந்தது. பெண் அதிகாரி ஒரு வாடிக்கையாளரிடம், கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்கிறேன் என்ற பொருளில், "உங்க நகை மேல கண் வெச்சிருக்கேன்" என்றார். இந்தியில் அப்படிச் சொன்னால் கவனித்துக்கொள்கிறேன் என்று பொருள். தமிழில் அது ஆசைப்பட்டுவிட்டதாகிவிடும். நல்ல வேளையாக அந்த அம்மாள் சிரித்துவிட்டார். இதற்குப் பிறகு ஒவ்வொரு தொடரையும் எழுதும்போது, உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்கத் தொடங்கினேன். முதலைக் கண்ணீர் இந்தியிலும் முதலைக் கண்ணீர்தான். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்றதும், காசாளர், எங்களுக்கு ஒட்டகத்தின் வாயில் சீரகம் என்றார். ஒத்துப்போவது எது, காலை வாரிவிடுவது எது என்று அவர்களே பிரிக்கத் தொடங்கினார்கள். அந்தப் பழக்கம் எனக்குத் தனி மகிழ்ச்சியைத் தந்தது.

தலைப்பாகைக் கதை

குருவின் தலைப்பாகை வழியில் விழுகிறது. எடுக்கச் சொல்லவில்லையே என்று சீடர்கள் எடுக்கவில்லை. விழுவதை எல்லாம் எடுங்கள் என்கிறார். குதிரைச் சாணத்தைத் தலைப்பாகையில் ஏந்தி வருகிறார்கள். கடைசியில் எதை எடுக்கலாம் என்று ஓலையில் எழுதித் தருகிறார். பிறகு குருவே குழியில் விழுகிறார். ஓலையில் அவர் பெயர் இல்லை. அவரும் குழியில் கிடந்தபடியே ஓலையை வாங்கி, தன்னையும் எடுக்க வேண்டும் என்று எழுதித் தந்தபிறகுதான் தூக்குகிறார்கள்.

இந்தக் கதைக்கு வந்த சிரிப்பு வேறு விதமாக இருந்தது. சுற்றறிக்கையும் சரிபார்ப்புப் பட்டியலுமாக வாழ்கிறவர்கள் அல்லவா! அதுவரை, குழந்தைக் கதை என்று கொஞ்சம் ஒதுங்கியே இருந்த காசாளர், அன்று தாமாக முன்வந்து குதிரையின் வாயால் கதையைத் திருப்பிச் சொன்னார். தவறுகள் நிறைய இருந்தன. நிறுத்தித் திருத்தவில்லை, அவர் முடிக்கட்டும் என்று விட்டேன். கண்டுகொள்ளாமல் விடுதல், தட்டிக்கழித்தல், பூசி மெழுகுதல், கைகொடுத்துத் தூக்கிவிடுதல், ஆறப்போடுதல் என்று அலுவலகத்துக்கு வேண்டிய தொடர்கள் எல்லாம் அந்த ஓலையைச் சுற்றியே வந்து சேர்ந்தன. 'ஆறப்போடுதல்' மட்டும் மூவருக்கும் தகராறு. ஆறு என்ற சொல் ஆற்றுக் கதையில் ஒன்று, எண்ணில் ஒன்று, இங்கே சூடு தணிவது. டீயை மேசையில் வைத்து, ஆறும்வரை எல்லோரும் சும்மா உட்கார்ந்து பார்த்தோம். அப்புறம் யாருக்கும் அது மறக்கவில்லை.

என்ன ஆயிற்று

ஏறக்குறைய நான்கு மாதம் வகுப்பு நடந்தது. பலன் மூவருக்கும் ஒரே மாதிரி இல்லை.

பெண் அதிகாரி மிகவும் முன்னேறினார். கடைசிக் கட்டத்தில் ஒரு நாள் நான் கிளையில் இருந்தபோது, வேறொரு வயதான பெண் அதே கேள்வியோடு வந்தார். "முழுகாது பாட்டி, பயப்படாதீங்க. இன்னும் நாள் இருக்கு. வட்டிக்கு வழி இருக்கா சொல்லுங்க" என்று அதிகாரி பதில் சொன்னார். உச்சரிப்பில் இந்தி வாடை இருந்தது. பாட்டி அதைப் பொருட்படுத்தவே இல்லை. உட்கார்ந்து, முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எடுத்து எண்ணத் தொடங்கிவிட்டார்.

ஒடிசாக்காரர் பாதியில் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். போகும் முன், கையைக் கடிச்சிருச்சு என்று சொன்ன பெரியவரைத் தேடி அவர் ஊருக்கே போய்ப் பார்த்து, அன்றைக்குத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். தவணை விஷயமும் அதன் பிறகு முறையாகப் பேசி முடிந்தது என்று மேலாளர் சொன்னார்.

காசாளருக்குப் பேச்சு வந்துவிட்டது, படிப்பு வரவில்லை. எழுத்துத் தமிழில் அதே கதையை நீட்டினால் இன்னும் தடுமாறுகிறார். கேட்ட தொடர்களிலும் உடம்பைச் சேர்ந்தவை, அதாவது கை, கண், வாய், வயிறு வருபவை நன்றாக நின்றன. ஆகாயத் தாமரை, கானல் நீர், எட்டாக்கனி போன்றவை நிற்கவில்லை. கவுண்டரில் யாரும் அவற்றைச் சொல்வதில்லை, காதில் விழாத தொடர் நிற்காமல் போனதில் வியப்பில்லை. ஏட்டில் அழகாக இருக்கிறது என்பதற்காக அவற்றை நான் திணிக்கப் போவதும் இல்லை.

எதிர்பாராத பலன் ஒன்றும் உண்டு. கதை கிளையில் பரவிவிட்டது. உள்ளூர் ஊழியர்கள் தாங்களாகவே புதிய தொடர்களைத் துண்டுத்தாளில் எழுதிப் பெண் அதிகாரியின் மேசையில் வைக்கத் தொடங்கினார்கள். அலுவலக உதவியாளர் எழுதியவைதான் அதிகம்.

மாற்ற வேண்டியவை

'பேசலாம்', 'கேட்க மட்டும்' என்ற பிரிவு முதல் மாலையிலேயே நோட்டில் இருக்க வேண்டும். சீடர்களின் பெயர்களைச் சொல்லும்போதே, இவற்றை மனிதர் முகத்துக்கு நேரே சொன்னால் வலிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிலேச்சன் என்ற பெயரை இனி விட்டுவிடுவேன். அது முட்டாள் என்பதோடு நிற்கவில்லை, அந்நியன் என்று இழிவாகக் குறிக்கும் சொல். வெளியூரிலிருந்து வந்து தமிழ் கற்பவர்கள் முன்னால் அதைச் சிரிப்புக்கு வைக்க எனக்கு விருப்பமில்லை. பெயர் இல்லாமலே அந்தச் சீடனை வைத்துக் கதையை நடத்திவிடலாம்.

வாசிப்பை இவ்வளவு தள்ளிப்போடவும் கூடாது. வாயால் சொன்ன கதையை அதே வாரத்திலேயே நான்கு வரியாவது எழுத்தில் காட்ட வேண்டும். இல்லையென்றால் 'போயிட்டான்' என்பதும் 'போய்விட்டான்' என்பதும் ஒன்று என்று கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. காசாளர் விஷயத்தில் நடந்தது அதுதான்.

கதைகளின் வரிசையையும் மாற்றுகிறேன். வாடகை மாட்டின் நிழலில் குரு ஒதுங்கியதற்கு, மாட்டுக்காரன் நிழலுக்கும் கூலி கேட்கும் கதையை இந்தமுறை கடைசியில் வைத்திருந்தேன். கூலி, வாடகை, பேசினபடி, வழக்கு, நடுவர் என்று வங்கிக்கு நேரடியாக உதவும் சொற்கள் அதில்தான் அதிகம், அது முன்னால் வர வேண்டும். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்குகிற கதையை அதற்கும் முன்னால் வைக்கலாம். விலை கேட்பது, பேரம் பேசுவது, ஏமாறுவது என்று புதிதாக ஊருக்கு வந்தவருக்கு முதல் வாரத்திலேயே சந்தையில் தேவைப்படும் பேச்சு அது. அடுத்த குழுவில் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள், ஒருவர் தெலுங்குக்காரர். தெலுங்கில் எந்தத் தொடர் தமிழோடு ஒத்துப்போகும், எது மாறும் என்று தெரிந்த ஒருவரை முதல் வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.